பதினோரு மாதக் கணக்கு

அரசுப் பள்ளி ஒன்றில் நான் பகுதிநேர இசை ஆசிரியை. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 2012இல் 16,549 பேரை எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. சேரும்போது 5,000 ரூபாய், 2024இல் 12,500. மே மாதம் பள்ளி கிடையாது, ஆகவே அப்போதெல்லாம் சம்பளமும் கிடையாது. இந்த மே மாதம்தான் பின்னால் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

முதுகலை முடித்துப் பல வருடம் கழித்து, முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். "வேலையும் பார்ட் டைம், படிப்பும் பார்ட் டைமாம்மா?" என்று மகள் கேட்டாள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தேவாரப் பண்கள், அதாவது பழந்தமிழ் ராகங்கள், வழியாக ராகத்தை அறிமுகம் செய்வது என் தலைப்பு. ஜேஆர்எஃப் போன்ற ஆராய்ச்சி உதவித்தொகைகள் முழுநேரம் படிப்பவர்களுக்குத்தான். எனவே முதல் வருடக் கட்டணத்தை வளையலை அடகு வைத்துக் கட்டினேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நினைவு உதவித்தொகையின் அறிவிப்பு வந்தது. மறைந்த பள்ளி இசை ஆசிரியை ஒருவரின் மாணவிகள் சேர்ந்து சென்னையில் நடத்துகிறார்கள். மேற்படிப்பு படிக்கும் இசை ஆசிரியர்களுக்கு மட்டும். வருடம் 40,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. பெயரை வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருக்கும் நாலு பேருமே வேலைக்குப் போகிறவர்கள், விண்ணப்பம் குவிந்தால் படித்து மாளாதாம்.

விண்ணப்பத்தோடு கேட்ட தாள்களில் முதலில் மாட்டியது தடையின்மைச் சான்று, நான் படிக்க வேலையிடத்தில் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம். "டீச்சர், இதை நான் குடுக்கலாமான்னே தெரியலையே" என்றார் தலைமையாசிரியர். மேலே ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "நீங்க நிரந்தரமே இல்லையே மேடம், உங்களுக்கு எதுக்குத் தடையின்மை?" என்று கேட்டார்கள். நிரந்தரம் இல்லாதவள் படிப்பதை யாரும் தடுக்கவில்லை, சரி. ஆனால் தடுக்கவில்லை என்று எழுதித் தரவும் ஆள் இல்லை. நான்காவது தடவை போனபோது ஓர் எழுத்தர் அக்கா வழி சொன்னார். 'பள்ளிக்கு வரும் நாள்களில் பணிக்கு இடையூறு இல்லாமல்' என்று ஒரு வரி சேர்த்துத் தலைமையாசிரியரே கடிதம் எழுதட்டும், அதில் அலுவலகம் மேலொப்பம் போடும் என்றார். அப்படியே நடந்தது. மொத்தம் ஏழு வாரம். பல்கலைக்கழகமும் இதே தாளைக் கேட்கும், ஆகவே வாங்கும்போதே இரண்டு மூலப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒன்றுதான் வாங்கினேன், திரும்பவும் போனேன்.

வருமானச் சான்று சுலபம் என்று நினைத்தேன். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தாயிற்று. விஏஓ போனில் கேட்டார், "மாசம் எவ்வளவும்மா?" "பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு சார்." அவர் பன்னிரண்டால் பெருக்கினார். கணவர் இல்லாத வீட்டில் என் சம்பளம்தான் மொத்த வருமானம், ஆக 1,50,000 என்று சான்று வந்தது. பள்ளியில் கொடுத்த சம்பளச் சான்றிலோ 1,37,500. இரண்டையும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பத்து நாளில் உதவித்தொகைக் குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: இரண்டு சான்றிலும் தொகை வேறாக இருக்கிறது, விளக்கம் தேவை.

திருட்டுப் பட்டம் கட்டியதுபோல இருந்தது. ஒரு பக்கக் கடிதம் எழுதி, மூன்று வருட பாஸ்புக்கை நகலெடுத்து, மே மாதச் சம்பளம் விழாத இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பினேன். மறுநாள் அந்தக் குழுவிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். "மே மாசம் ஒண்ணுமே தரமாட்டாங்களாம்மா?" என்றார். "தரமாட்டாங்கம்மா." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, ரெக்கார்டிங் அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த ரெக்கார்டிங்கில்தான் பெரிய தப்பு செய்தேன். படிவத்தில் '15 நிமிட ஒலிப்பதிவு' என்று மட்டும் இருந்தது. நான் கோயில் ஒன்றில் பாடிய கச்சேரியிலிருந்து ஒரு காம்போதி ராக ஆலாபனையை வெட்டி அனுப்பினேன். எனக்கே பிடித்த ஆலாபனை அது. மறுபடியும் அதே அம்மா. "நல்லாப் பாடறீங்க. ஆனா நீங்க பாடறதைக் கேட்கலை. வகுப்பை அனுப்புங்க."

வகுப்பையா? என் வகுப்பு சத்துணவுக்கூடத்துக்குப் பக்கத்தில். பாத்திரம் உருளும், பக்கத்து அறையில் வாய்ப்பாடு ஓடும். எட்டாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். பெண் பிள்ளைகளுக்கு ஸ்ருதியை ஐந்தரைக் கட்டையில் வைத்தால் எட்டிவிடுவார்கள். குரல் உடையத் தொடங்கிய பையன்கள் பாடு திண்டாட்டம், மேலேயும் நிற்காது, கீழேயும் நிற்காது. அவர்களை வாயசைக்கச் சொல்லிவிடுவது வழக்கம், நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். இப்போது கீழ் ஸ்தாயியில் ஸ, ப இரண்டை மட்டும் பிடித்து நிற்கச் சொல்கிறேன். தாளமும் அவர்கள் கையில்.

போனை ஜன்னல் மேல் வைத்துப் பதிவு செய்தேன். முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்கும், அது எல்லாருக்கும் தெரியும். இந்தளம் என்ற தேவாரப் பண்ணைக் கோயில் ஓதுவார்கள் அதே மாயாமாளவகௌளையிலோ அதிலிருந்து பிறந்த நாதநாமக்கிரியையிலோ பாடுவார்கள். ஆகவே ஸ்வரம் வாயில் ஏறியதுமே, பின்னால் வரும் அலங்காரப் பாடத்துக்குக் காத்திருக்காமல், அந்தப் பண்ணில் உள்ள சுந்தரரின் 'பித்தா பிறைசூடீ'க்குப் போய்விடுவேன். ஸரிகம என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள், கடவுளைப் பார்த்து ஒருத்தர் 'பித்தா' என்று ஆரம்பிக்கிறார் என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள். பதிவிலும் அந்தச் சிரிப்பு விழுந்திருந்தது. நடுவில் கணக்கு சார் வந்து, "டீச்சர், இந்த பீரியடை எடுத்துக்கட்டுமா, போர்ஷன் முடியலை" என்று கேட்டதும் விழுந்திருந்தது. வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டத் தெரியவில்லை, அப்படியே போய்விட்டது.

நேர்காணல் மயிலாப்பூரில், ஒரு வீட்டு மாடியில். மூன்று அம்மாக்கள், ஃபில்டர் காபி. பாடச் சொல்வார்கள் என்று தொண்டையைக் கனைத்துத் தயாராகப் போனேன், கேட்கவே இல்லை. முதல் கேள்வி: "கணக்கு சாருக்கு பீரியடைக் குடுத்தீங்களா?"

உண்மையைச் சொன்னேன். பாதி கொடுத்தேன். ஆண்டு விழாவுக்கு ஒத்திகை என்றால் அவர் வகுப்பிலிருந்து பிள்ளைகளை விடுவார், அது எங்களுக்குள் ஒரு கணக்கு. மூன்று பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர், "எங்க டீச்சரும் இதே வியாபாரம்தான் பண்ணுவாங்க" என்றார். அப்புறம் ஸ்ருதி சேராத பிள்ளையை என்ன செய்வேன் என்று கேட்டார்கள். நன்றாகச் சேரும் இரண்டு பேர் நடுவில் உட்கார வைத்து, வாயை மூடி முனகச் சொல்வேன், தன் குரலைவிட அக்கம்பக்கம் அதிகமாகக் கேட்கும் என்றேன். அதற்கு ஒருவர் தலையாட்டினார், ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் அவர்களுக்குள்ளேயே வாதம், நான் காபியைக் குடித்தேன்.

தேர்வான கடிதம் பிப்ரவரியில் வந்தது. பணத்தை என் கையில் தரமாட்டார்கள், பல்கலைக்கழகக் கணக்குக்கே செலுத்துவார்கள் என்று அதில் இருந்தது. நானோ ஏற்கெனவே கட்டிவிட்டேன். கட்டண ரசீதையும், அங்கே படிக்கிறேன் என்று பல்கலைக்கழகம் தந்த போனஃபைடு சான்றையும், வளையல் அடகுச் சீட்டையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அடகுச் சீட்டு எதற்கென்று எனக்கே தெரியாது, மனது கேட்கவில்லை. இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. மே முதல் வாரத்தில் 40,000 ரூபாய் என் கணக்கிலேயே வந்து விழுந்தது. 'இந்த ஒரு முறை மட்டும்' என்று மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி.

வளையலை மீட்டாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு வகுப்புப் பதிவு அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த பதிவுக்குக் கணக்கு சார் இப்போதே கேட்கிறார், "நானும் வரணுமா டீச்சர்?"