மூன்று பூஜ்யம் குறைந்த கதை

கல்லூரியில் நவீன ஐரோப்பிய வரலாறு நடத்துகிறவன் நான். 1923 பணவீக்கத்தை ஜெர்மனியின் சாதாரணக் குடும்பங்கள் எப்படித் தாண்டின என்பதுதான் ஆய்வு. விசா, நிதி, தங்குமிடம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் ஒரு ஜெர்மன் நகராட்சி ஆவணக் காப்பகத்தில் காத்திருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

செவ்வாய் காலை போய் நின்றேன். கோப்பு எண்களைப் போன மாதமே மின்னஞ்சலில் அனுப்பியதாகச் சொன்னேன். "அது விசாரணைதான். எடுத்து வைக்கத் தனிப் படிவம்" என்றார் மேசையில் இருந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கோப்புகள் வெளிக் கிடங்கில் இருந்தன. வண்டி வியாழன்தான் வரும். சரி, இரண்டு நாள் போச்சு.

வியாழன் கட்டைப் பிரித்தால் அடுத்த அடி. இரண்டு வருடம் ஜெர்மன் வகுப்புக்குப் போயிருந்தும் ஒரு வரி படிக்க முடியவில்லை. எல்லாம் பழைய 'குரென்ட்' கையெழுத்து. அதில் 'e' பார்ப்பதற்கு 'n' மாதிரியே இருக்கும். 'u' தலையில் ஒரு சின்ன வளைவு. இதற்கு ஒரு மாதமாவது முன்பே பழகிவிட்டுப் போங்கள். பக்கத்து மேசையில் தன் குடும்ப மரம் தேடிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, என் நோட்டில் எழுத்து வரிசை முழுவதையும் போட்டுக் கொடுத்தார். அதை வைத்து ஒரு விதவையின் மனுவில் 'ப்ரோட்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தபோது கத்தியிருப்பேன். ரொட்டி! ஆயுள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக்கூடக் காணாது என்று எழுதியிருந்தார்.

மானம் போனது வேறொரு இடத்தில். ஜெர்மனில் 'பில்லியோன்' என்றால் லட்சம் கோடி. ஆங்கிலத்து பில்லியனுக்கு, அதாவது நூறு கோடிக்கு, அவர்கள் சொல்வது 'மில்லியார்டே'. 1923 நவம்பரில் வந்த ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் ஒன்றுக்கு ஒரு பில்லியோன் பழைய மார்க். நான் குறிப்பு முழுக்க நூறு கோடி என்றே எழுதி வைத்திருந்தேன்! அப்போது ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி பழைய மார்க் என்ற கணக்கோடு எதுவும் பொருந்தாதபோதுதான் உறைத்தது. வருடா வருடம் நடத்துகிற பாடம் இது.

படம் எடுக்கவும் தனி அனுமதிப் படிவம் உண்டு, முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை. வெள்ளி பன்னிரண்டுக்கே பூட்டிவிடுவார்கள். என் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்ததால், அந்த விதவையின் கடைசி நான்கு பக்கங்களைப் பென்சிலால் பார்த்து எழுதினேன். முடித்தபோது மணி 11:56.