அலமாரிக்குள் ஃபார் லூப் ஓட்டிய கதை

வீட்டில் இருக்கும் 43 புத்தகங்களுக்காகப் பைதான் நிரல்மொழியில் 'அலமாரி' என்று ஒரு கிளாஸ் (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்து வைக்கும் அச்சு) எழுதி வைத்திருந்தேன். (பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும், எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.) உள்ளே ஒரு டிக்ஷ்னரி, அதாவது சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியல். 'க12' மாதிரி பதிவு எண்ணைக் கொடுத்தால் புத்தகம் வரும்படி கெட்ஐட்டம் என்ற மெத்தடும் (கிளாஸுக்குள் எழுதும் செயல்) உண்டு. ஞாயிற்றுக்கிழமை, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுக்க அதன்மேல் ஒரு ஃபார் லூப் விட்டேன். 'கீஎரர்: 0', அதாவது 0 என்ற சாவி இல்லை என்று நின்றது. 0 என்ற சாவியை நான் கேட்கவே இல்லையே!

கேட்டது பைதான்தான். லூப் தொடங்கும்போது பைதான் கூப்பிடும் இட்டர் மெத்தட் கிளாஸில் இல்லாவிட்டால், கெட்ஐட்டத்திடம் 0, 1, 2 என்று வரிசையாகக் கேட்டுப் பார்க்கும். அந்த எண்ணில் எதுவும் இல்லை என்ற இண்டெக்ஸ்எரர் வந்தால் நிறுத்திக்கொள்ளும். என் டிக்ஷ்னரி தந்ததோ கீஎரர். 2001இல் வந்த 2.2 பதிப்பில்தான் இட்டரேட்டர் முறை (கேட்கக் கேட்க அடுத்ததைத் தரும் பொருளை வைத்து லூப் ஓட்டுவது) வந்தது. அதற்கு முந்தைய பழக்கம் இன்னும் போகவில்லை.

சரி என்று இட்டர், நெக்ஸ்ட் இரண்டையும் அலமாரிக்குள்ளேயே எழுதினேன். இட்டர் செல்ஃபையே, அதாவது அந்த அலமாரியையே, திருப்பித் தரும். நெக்ஸ்ட், 'இடம்' என்ற எண்ணைக் கூட்டிக்கொண்டே ஒவ்வொரு புத்தகமாகத் தந்து, தீர்ந்ததும் 'முடிந்தது' என்று சொல்லும் ஸ்டாப்இட்டரேஷன் எழுப்பும். முதல் லூப் ஜோராக ஓடியது. இரண்டாவது லூப்பில் ஒன்றுமே வரவில்லை. 'இடம்' 43லேயே உட்கார்ந்திருந்தது. இட்டருக்குள் அதை 0 ஆக்கினேன், சரியானது.

அப்புறம்தான் வினை. இரண்டு தடவை வாங்கிய புத்தகங்களைக் கண்டுபிடிக்க லூப்புக்குள் லூப் போட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒரே சமையல் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் எதிரிலேயே முறைத்துக்கொண்டிருந்தன! எத்தனை தடவை ஒப்பிடுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். 43க்கு 43, 1849 வரவேண்டும். வந்தது வெறும் 43. உள் லூப்புக்கும் வெளி லூப்புக்கும் ஒரே 'இடம்'. உள்ளே இருப்பவர் கடைசிவரை நடந்துவிட்டதால், வெளியே இருப்பவரும் முதல் புத்தகத்தோடு கடையைக் கட்டிவிட்டார்.

நெக்ஸ்டைத் தூக்கிவிட்டு, இட்டருக்குள் இரண்டே வரி எழுதினேன்: டிக்ஷ்னரியின் வேல்யூஸ்மேல் (அதிலுள்ள புத்தகங்கள்மேல்) ஒரு ஃபார், உள்ளே ஈல்ட் (ஒரு மதிப்பைத் தந்துவிட்டு அங்கேயே காத்திருக்கும் கட்டளை). இப்போது ஒவ்வொரு லூப்புக்கும் ஈல்ட் உருவாக்கும் தனி இட்டரேட்டர் (ஜெனரேட்டர்), தனித்தனி இடம். 1849 வந்தது. சமையல் புத்தகமும் மாட்டியது, இரண்டு முறை (அ-ஆ, ஆ-அ). வரிசைப்படுத்தும் சார்டட், உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் இன் எல்லாம் தனியாக எழுதாமலே வேலை செய்கின்றன.

லூப் ஓடும்போதே இரட்டைப் பிரதியை நீக்கப் போனால் மட்டும், டிக்ஷ்னரியின் அளவு நடுவில் மாறிவிட்டதென்று ரன்டைம்எரர். இப்போதைக்கு அலமாரியை லிஸ்ட்டாக்கி (தனிப் பட்டியலாக நகலெடுத்து) அதன்மேல் ஓட்டுகிறேன்.