உங்கட வேனெண்டா என்ன செய்வியள் அண்ணை?

"உங்கட வேனெண்டா என்ன செய்வியள் அண்ணை?" எண்டுதான் அந்த வேன்காரர் கேட்டவர். அவற்ற எஞ்சின் பிளொக், அதாவது எஞ்சின்ர இரும்பு உடம்பு, வெடிச்சிட்டுது. அதைத் தைச்சு ஓடுறதோ, வேற எஞ்சின் போடுறதோ எண்டதுதான் கதை. நான் கையைத் துடைச்சுக்கொண்டு, "பிள்ளையள் ஏத்துற வண்டி தம்பி, நான் பொறுப்பு எடுக்கமாட்டன்" எண்டன். அதுக்குப் பிறகு அவர் ஒண்டும் கேக்கேல்ல. ஒண்டரை வருஷமாகுது, கராஜில லேத் மெசினில நிக்கேக்க இந்த ரெண்டு வரியும் திரும்பத் திரும்ப வருது. அவர் கேட்டது ஒண்டு, நான் குடுத்த மறுமொழி வேறொண்டு.

ஸ்கூல் வேன் ஓடுறவர். டொயோட்டா டொல்பின் வேன், த்ரீ எல் எண்ட டீசல் எஞ்சின். றேடியேற்றர் ஓஸ் வெடிச்சு தண்ணியெல்லாம் போய், இவர் பதட்டத்தில கொதிச்சுக்கொண்டு நிண்ட எஞ்சினுக்கு பச்சைத்தண்ணிய ஊத்திப்போட்டார். வார்ப்பிரும்புக்கு அது ஆகாது, தண்ணி பட்ட இடம் டக்கெண்டு சுருங்கும், பக்கத்து இடம் சூட்டில விரிஞ்சபடி நிக்கும், இழுபட்டு வெடிச்சுப்போடும். வெடிப்பு தெரியிறதுக்கு சிவப்பு டை அடிச்சு, துடைச்சு, மேல வெள்ளைய அடிச்சுப் பாத்தன். வெளிப்பக்கம், தண்ணி ஓடுற ஜக்கெட் சுவரில, 4 இஞ்சி நீளத்துக்கு தலைமயிர் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறேல்ல, அதாவது ஒயிலுக்க தண்ணி கலக்கேல்ல. சிலிண்டர் பக்கம் போகேல்ல, மெயின் பெயரிங் பக்கமும் போகேல்ல. மெயின் பெயரிங் பக்கம் போயிருந்தா யோசிக்கவே தேவையில்ல, பிஸ்டன் சுத்திற கிராங்க் தண்டு அடிக்கிற அடி முழுக்க வாங்கிற இடம் அது, அதில வெடிச்ச பிளொக்க நான் ஒட்டிக் குடுக்கமாட்டன்.

ஆனா இது தைக்கக்கூடிய வெடிப்பு. எனக்கு அது அண்டைக்கே தெரியும்.

தைக்கிறதெண்டா, வெடிப்பின்ர ரெண்டு நுனியிலயும் முதல்ல ஓட்டை போட்டு அது மேற்கொண்டு ஓடாம நிப்பாட்டி, பிறகு கோடு வழிய ட்ரில் பண்ணி, டப்பால மரை வெட்டி, மரை போட்ட பின் ஒண்டை முறுக்கி, அடுத்த ஓட்டைய முந்தின பின்னையும் கொஞ்சம் கடிச்ச மாதிரிப் போட்டு, இப்பிடியே சங்கிலி மாதிரி கொண்டுபோறது. சூடே இல்லாத வேலை, பொறுமைதான் வேணும். வெல்டிங் அப்பிடியில்ல. பிளொக்க முழுக்கச் சூடாக்கி, நிக்கல் ரொட்டால பத்தவைச்சு, பிறகு சாம்பலுக்குள்ள தாட்டு மெல்ல மெல்ல ஆறவிடவேணும், அவசரப்பட்டா பத்தின இடத்துக்குப் பக்கத்திலயே கண்ணாடி மாதிரி இறுகி வேற கோடு வெடிக்கும். எனக்கு ஒருக்கா அப்பிடி நடந்தது. ஒரு லொறிக்குப் பத்தவைச்சுக் குடுத்து மூண்டாம் கிழமை திரும்பி வந்தது, முழுக் கராஜுக்கும் முன்னால லொறிக்காரர் பேசின பேச்சு இப்பவும் காதில கிடக்கு. அந்தப் பயம்தான் அண்டைக்கு என்ர வாயால வந்ததெண்டு நினைக்கிறன். ஆனா அது வெல்டிங், இது தையல், ரெண்டையும் போட்டுக் குழப்பிற ஆளில்ல நான்.

சரி, தைச்ச இடம் லீக் ஆனா என்ன நடக்கும்? தண்ணி குறையும், சூட்டு முள்ளு ஏறும், வேனை ஓரமா நிப்பாட்டவேணும். பிறேக் போகாது, ஸ்டியறிங் போகாது. பிள்ளையளின்ர உயிரை நான் ஏன் அந்தக் கதைக்குள்ள இழுத்தனான்? பிள்ளையள் எண்டா அவர் மறுபேச்சுப் பேசமாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒண்டரை மணி வெயிலில பேஸ்லைன் ரோட்டில 14 பிள்ளையளோட வேன் நிண்டா அது சின்ன விசயமே, தாய்தேப்பன் அடுத்த மாசமே வேற வேன் பாத்திடுவினம், அவற்ற பிழைப்பு போயிடும். இதையும் நான் பொய்யாச் சொல்லேல்ல.

காசுதான் மனசைக் குத்துது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டின பிறகு எல்லாரும் பழசையே திருத்தித் திருத்தி ஓடினது, 2022 இல டொலர் 200 இலயிருந்து 360 வரைக்கும் போக, கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையளில பாவிச்ச றிகண்டிஷன் எஞ்சின் வாங்கிறதெண்டது நகைய அடகு வைக்கிற விசயமாப் போச்சு. அவரும் அப்பிடித்தான் செய்தவர். மனுசியின்ர சங்கிலி. எனக்கு அது பிறகுதான் தெரியும். எஞ்சின் நம்பர் மாறினதால வாகனப் புக்கில மாத்திறதுக்கு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அலைஞ்சவர், அந்த நாளெல்லாம் வேன் ஓடேல்ல.

பழைய பிளொக்க கராஜ் பின்பக்கத்தில விட்டிட்டுப் போட்டார். கன நாள் அதைப் பாக்காம நடந்தன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கழுவி, தைக்கத் தொடங்கினன். ஆரும் கேக்கேல்ல, காசும் இல்ல. நாலு ஞாயிறு, 19 பின். தட்டி, கிரைண்ட் பண்ணி, தண்ணி போற வழியெல்லாம் பிளேற்றால அடைச்சு, சுடுதண்ணித் தொட்டிக்குள்ள இறக்கி 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில காத்து விட்டன். அரை மணித்தியாலம் குந்தியிருந்து பாத்தன். ஒரு குமிழி வரேல்ல.

தொட்டிக்குள்ள அரை மணித்தியாலம் நிண்டது ரோட்டில நிக்குமோ எண்டு கேட்டா, ஒவ்வொரு நாளும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரெண்டு வருஷம் போனாத்தான் சொல்லலாம். அப்பிடித்தான் என்னைத் தேற்றிறன். ஆனா அவர் என்னட்டக் கேட்டது அது தாங்குமோ எண்டில்லையே. உங்கட வேனெண்டா எண்டு கேட்டவர். என்ர வேனெண்டா நான் தைச்சிருப்பன். யோசிச்சே இருக்கமாட்டன்.

போன மாசம் பெல்ட் மாத்த வந்தவர். "அண்டைக்கு நீங்க சொன்னது நல்லதாப் போச்சண்ணை, பிள்ளையள் ஏத்துற வண்டிதானே" எண்டார். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நிண்டன். சங்கிலிய மீட்டாச்சோ எண்டு கேக்க வாய் வரேல்ல.

"அந்தப் பழைய பிளொக்க இரும்புக்குப் போட்டியளோ?"

"இல்ல, கிடக்கு."

"ஆருக்கும் உதவுமெண்டா குடுங்கோ அண்ணை, நான் காசு கேக்கமாட்டன்" எண்டிட்டு வேனை எடுத்துக்கொண்டு போட்டார். பிளொக் அவர் நிண்ட இடத்திலயிருந்து பத்தடி தள்ளி, சாக்குக்குக் கீழ கிடந்தது. அவற்ற பழைய எஞ்சின் நம்பர் அதில அப்பிடியே இருக்கு, கிரைண்ட் பண்ணேக்க அந்த இடத்தில நான் கை வைக்கேல்ல.