மூக்கு சொல்லும் பொய்

"ஏதோ கருகுது, பாருங்களேன்" என்று பக்கத்து இருக்கைத் தோழி இன்று மறுபடியும் எழுந்துவிட்டார். எங்கள் யாருக்கும் எந்த வாசனையும் வரவில்லை.

காப்பியையும் தள்ளி வைத்துவிட்டார். சாக்கடை நாற்றமாம். காய்ச்சல் வந்து போனதிலிருந்து இப்படித்தான்.

"உனக்குப் பிரமை" என்று ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. சளிக் காய்ச்சலோ கோவிட்டோ அந்த ஏற்பிகளைத் தாங்கும் நரம்பணுக்களைச் சிதைத்துவிட்டால், அவை மெல்ல மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மூளையுடனான இணைப்பு மாறிப்போய், நல்ல மணமும் நாற்றமாகத் தெரியலாம் என்கிறார்கள். காப்பி, வெங்காயம், பூண்டு போன்றவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கின்றன. பாவம், காப்பி!

இல்லாத ஒன்று மணப்பது வேறு கதை. சைனஸ் தொற்று, மூக்கினுள் வளரும் சதை, பல்லில் சீழ், ஒற்றைத் தலைவலி, சில மருந்துகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தலையில் அடிபட்டாலும் வரும். மெல்லிய எலும்புத் துளைகள் வழியே மூளைக்குப் போகும் நரம்பிழைகள் அறுந்துவிடுகின்றன.

சில நொடிகள் மட்டும் திடீரென்று கருகல் நாற்றம் வந்து, கூடவே நினைவு தடுமாறினால் அது வலிப்பாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

தோழியிடம் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் தினம் இருவேளை முகரும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. மாதக்கணக்கில் ஆகும்.

சிரித்தவரிடமும் இதையெல்லாம் சொன்னேன். பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.