சொனிக் பை செய்முறைப் பரீட்சைக்கு இறங்கும் அடுத்த பட்ச்சுக்கு

கோட் எழுதி இசை உண்டாக்கும் மென்பொருள்தான் சொனிக் பை. அதன் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது, நான் பாஸ். இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன், சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன். கோட் பழக்கமில்லாமல் சங்கீதப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இது.

எல்லாரும் எந்த சிந்த் (கணினி உண்டாக்கும் வாத்திய ஒலி) நல்லது, எந்த சாம்பிள் (பதிவுசெய்த ஒலித்துண்டு) போடலாம் என்றுதான் கேட்கிறீர்கள். அதை விடுங்கள், ஸ்லீப்பைப் பிடியுங்கள், அதாவது அடுத்த வரிக்குப் போகுமுன் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று சொல்லும் கட்டளையை. பிளே 60 (60 என்பது சுரத்தின் எண்) என்று எழுதினால் அந்தச் சுரம் முடியும்வரை புரோகிராம் காத்து நிற்காது, உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். ஸ்லீப் இல்லாமல் நான்கு பிளே எழுதினால் நான்கும் ஒரே அடியில் விழும். ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) இருக்கும் ஸ்லீப் எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் அதன் ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று), ஆதி தாளம் என்றால் 8 வரவேண்டும். டிரம் லூப் 8, மெலடி லூப் 7.5 என்று வைத்துப் பாருங்கள்: இரண்டாம் சுற்றிலேயே மெலடி அரை அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கையில் பாதி) முந்திவிடும், பிறகு அது 16 சுற்று முடித்தால்தான் இரண்டும் மறுபடி சமத்தில் (சுற்றின் முதல் அடியில்) சேரும். அதுவரை உட்கார்ந்து கேட்க எந்தப் பரீட்சகருக்கும் பொறுமை இருக்காது!

நான் லப்டொப்பைத் திறக்குமுன் கையால் தாளம் போட்டு, கொப்பியில் ஸ்லீப் எண்களை மட்டும் எழுதி, கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுரம் சேர்ப்பேன். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய அறை, பகல் முழுக்க பஸ் ஹோர்ன், அதனால் இரவில் ஹெட்ஃபோனோடு தனியாக. கூட்டாகப் படிக்கிறவர்களுக்கு இது ஒத்துவருமா தெரியாது, ஆனால் தாளம் தனியாக இருக்கும்போதுதான் பிடிபடும் என்பது என் எண்ணம்.

மெலடிக்குப் புதிதாக ஒன்றும் தேடவேண்டாம். சரளி வரிசையையே எடுங்கள். மாயாமாளவகௌளை ராகத்தின் சுர எண்கள்: 60, 61, 64, 65, 67, 68, 71, 72. சின்ன வயதிலிருந்தே வாயில் ஊறியது, ஒரு எண் பிழைத்தாலும் காது உடனே சொல்லிவிடும்.

மற்றவை:

- பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) கொடுக்காவிட்டால் 60, அதாவது ஸ்லீப் 1 என்றால் ஒரு செக்கன்.
- ரிலீஸ் (சுரம் தேய்ந்து மறையும் நேரம்) தானாகவே 1. வேகமான சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும், 0.2 ஆக்குங்கள்.
- லைவ் லூப்புக்குள் (ஓடும்போதே மாற்றக்கூடிய லூப்) ஸ்லீப்போ சிங்க்கோ (இன்னொரு லூப்போடு சேரக் காத்திருக்கும் கட்டளை) இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும்.
- விவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சை): சொனிக் பை கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் உருவாக்கியது, அடியில் ஓடுவது ரூபி என்ற கணினி மொழி.

லைவ் பகுதியில் கோட்டை மாற்றி ரன் அடித்தும் சத்தம் உடனே மாறவில்லை என்றால் பதறி மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். ஓடுகிற சுற்று முடிந்த பிறகுதான் புதியது ஏறும்.