மெஷின் ஓடுது

சித்தி மகள் யாரோ வீட்டுக் கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் குரல் திடீரெனக் கரகரத்தது. அவள் நிறுத்தவில்லை. அதே குரலில் மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டலடித்தாள். அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல, மெஷின் ஓடுது."

அவளுக்கு வலிப்பு நோய். அதைக் குறைக்க வைத்த மெஷின் அது. நெஞ்சில் தோலுக்கடியில் பேட்டரி. அதிலிருந்து போகும் ஒயர், கழுத்தில் இடது வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் நரம்பு) சுற்றியிருக்கிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி மின்துடிப்பு. குரல்வளைக்குப் போவதும் அதே நரம்பின் கிளைதான். அதனால்தான் அந்தக் கரகரப்பு.

மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு காந்தம். வலிப்பு வரும்போலிருந்தால் நெஞ்சின்மேல் ஒரு தடவை தடவினால் போதும், கூடுதலாக ஒரு துடிப்பு போகும். (கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதோடு இதைச் சேர்க்காதீர்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.)

அமெரிக்காவில் 1997லேயே அனுமதி பெற்ற சிகிச்சை இது. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரை கேட்பதில்லை. அவர்களில் எத்தனை பேரிடம் இப்படியொரு வழி இருப்பதை யாராவது சொல்லியிருப்பார்கள்? விலை லட்சங்களில் என்பது வேறு கதை.

வலிப்பு முழுதாக நிற்பது அபூர்வம். மாத்திரையும் தொடரும். பாதியாகக் குறைந்தாலே பெரிய விஷயம்.

"அப்போ எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. அவள் இப்போது தனியாக பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். சித்திக்குத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.