விசில்காரன்

அக்டோபர் 6, ஞாயிறு

ஹாம் ரேடியோவில் காலை நெட், அதாவது எல்லோரும் ஒரே ஃப்ரீக்வென்சியில் கூடிப் பேசும் நேரம். தென்னைக்கும் பலாவுக்கும் இடையே கட்டிய என் 20 மீட்டர் நீள டைபோல் ஆன்டெனாவில், 7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் பளிச்சென்று கேட்டது. கூட்டத்தை நடத்தும் நெட் கன்ட்ரோல் ஒவ்வொரு கால்சைனாக, அதாவது லைசென்ஸோடு வரும் அடையாளப் பெயராகப் பதிந்துகொண்டிருந்தபோது அந்த விசில் வந்தது. யாரோ மைக்கில் வாயைக் குவித்து ஊதுகிறான். தேனிப் பக்கத்து மாணவன் ஒருவன் 5 வாட் என்ற சின்னப் பவரில் முதல்முறையாகப் பேச வந்திருந்தான், பாவம், அவன் குரல் அப்படியே முங்கிப்போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. "லைசென்ஸ் இருந்தா கால்சைனைச் சொல்லுடா" என்று கத்திவிட்டேன். விசில் இன்னும் ஜோராக வந்தது.

பத்து மணிக்குத் தக்கலை அண்ணாச்சி போன் செய்தார். "மக்கா, எவனாவது வாயைத் திறக்கணும்னுதானே அவன் காத்துக்கிட்டு இருக்கான். நீ திறந்துட்டே. கண்டுக்காம விட்டா உடனே ஓடிருவான். அந்தப் பையனை அவன் பாதி அமுக்கினான், மீதியை நீ அமுக்கினே."

பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, புதன்

இடி. ஆன்டெனா வயரைக் கழற்றிப் போட்டாச்சு.

அக்டோபர் 12, சனி

விசில்காரன் இன்றும் வந்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை. நெட் கன்ட்ரோல் மாணவனின் கால்சைனை எழுத்தெழுத்தாக மூன்று முறை கேட்டு வாங்கினார். அரை மணி நேரம் ஊதிவிட்டுத்தான் அவன் போனான். அண்ணாச்சி சொன்னதுபோல உடனே ஓடிவிடவில்லை.

உண்மையில் எனக்கு எரிச்சல் லைசென்ஸ் உள்ளவர்கள் மேல்தான். ஒருவர் ஓவர் சொல்லி முடிக்குமுன் அடுத்தவர் மைக்கை அமுக்குகிறார். நடுவில் இரண்டு விநாடி விட்டால்தானே அவசரச் செய்தி உள்ளவன் நுழைய முடியும்? ராத்திரி ஒரு வெளிநாட்டு ஸ்டேஷன் "அப் ஃபைவ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தன் ஃப்ரீக்வென்சிக்கு 5 கிலோஹெர்ட்ஸ் மேலேதான் காது வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். நாலு பேர் அதன் தலைமேலேயே கூப்பிட்டார்கள். அவர்களைத் திருத்த எட்டுப் பேர் "அப்! அப்!" என்று அங்கேயே கத்தினார்கள். அந்த ஸ்டேஷன் என்ன சொன்னது என்று யாருக்குக் கேட்டிருக்கும்?

அக்டோபர் 13, ஞாயிறு

சாயங்காலம் அவசரமாக ரிக்கை, அதாவது ரேடியோ செட்டைப் போட்டேன். வால்யூம் குறைந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. முதலில் காது கொடுக்க வேண்டும், யாரும் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அலை வெளியே போகாமல் சோதித்துப் பார்க்க உதவும் டம்மி லோடு மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. இதில் எதையும் செய்யாமல் கேரியரை, அதாவது பேச்சில்லாத வெறும் அலையை அமுக்கிப் பிடித்து ஆன்டெனா டியூனரைத் திருகினேன். பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும்.

விட்டபின் வால்யூமை ஏற்றினால், மலையாளத்தில் ஒரு பெரியவர் தன் நண்பரிடம் விட்ட இடத்திலிருந்து மருந்துப் பெயரை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை.

மன்னிப்புக் கேட்க மைக்கை எடுத்தேன். கேட்டால் கால்சைன் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு டயலைத் திருப்பினேன்.